கொசஸ்தலையில் மீனை யார் எண்ணுகிறார்கள்?

இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவித்தான் எண்ணூர்க் கழியில் இருளர்கள் இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பிடித்ததைப் போட்டுவைக்க ஓலையில் முடைந்த ஒரு பறி. அதைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். கைகள் இரண்டும் மண்ணுக்குள், வாயில் பறி; ஆகவே பேச்சும் கிடையாது. இறால் சேற்றில் புதைந்திருக்கும். விரல் நெருங்கினால் பின்வாக்கில் துள்ளும். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று அந்தக் கைக்குத் தெரியும். தொடுவது களியா, மணலா, ஆளி ஓடா, மின் நிலையத்துச் சாம்பலா என்பதும் தெரியும். சாம்பல் படிந்த இடத்தில் விரல் இறங்காது. இறாலும் இறங்காது.

ஆற்றைச் சோதிக்கும் அரசு அலுவலரின் கையில் இருப்பது புட்டி. மேல்தண்ணீரை மொண்டு, மூடி, எண் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார். ஆக்சிஜன் எவ்வளவு, காரமா அமிலமா, எண்ணெய்ப் பிசுக்கு உண்டா என்று பதில் வரும். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் ஆறு செத்துக்கொண்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அது பாதிப் பதில்கூட இல்லை. கொசஸ்தலை ஆற்றையும் அதன் மீனையும் காப்பது பற்றி இத்தனை ஆண்டுகளாக நடந்த வழக்குகளையும் அறிக்கைகளையும் அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தண்ணீரை அளந்தோம், சாம்பலை அளந்தோம், எண்ணெயை அளந்தோம், மீனை மட்டும் எண்ணவே இல்லை.

கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை என்று பலகைக்கு ஒரு பெயர் தாங்கும் இந்த ஆறு சுமார் 136 கி.மீ. ஓடுகிறது. கூவத்துக்கு இது உடன்பிறப்பு. கேசாவரம் அணைக்கட்டில் இரண்டும் பிரிகின்றன. கூவம் நகரத்துக்குள் போய்ப் பேர் கெட்டது. கொசஸ்தலை நகரத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே எண்ணூர்க் கழிக்குப் போனதால் கெட்ட பேர்கூடக் கிடைக்கவில்லை. சென்னைக்காரர்களில் பலருக்கு இப்படி ஓர் ஆறு இருப்பதே 2023 டிசம்பரில் எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கும். இத்தனைக்கும் இந்த ஆற்றுப்படுகை இளைய ஊர் இல்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் கற்கருவிகளைக் கண்ட அத்திரம்பாக்கம் இங்கேதான் இருக்கிறது. சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அக்கருவிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முன் கொண்டுபோய் வைத்தது. மனிதர் இந்த ஆற்றோரம் அவ்வளவு காலம் பிழைத்திருக்கிறார்கள். அதை அழுக்காக்க 50 ஆண்டு போதுமானதாக இருந்தது.

சீரழிவு கடைமடையில் தொடங்கவில்லை, மேலே தொடங்கியது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. சென்னையின் குடிநீருக்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு. அதற்கும் முன்பே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு ஆற்றுநீரைச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திருப்பிவிட்டிருந்தது. நகரத்தின் தாகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவை ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும்: பூண்டிக்குக் கீழே கொசஸ்தலை ஒரு மழைக்கால ஆறு. மிகைநீர் திறந்தால் வெள்ளம், திறக்காவிட்டால் வெறும் மணல். ஆண்டில் பெரும்பகுதி கடைசிச் சில கிலோமீட்டரில் நிற்பது கடல் ஏறி இறங்கும் உப்புநீரும், அதில் வந்து கலக்கும் கழிவுநீரும்தான். நல்ல தண்ணீர் வராத ஆற்றில் கழிவு நீர்க்காது, அங்கேயே ஊறும்.

மீனுக்கு இதனால் என்ன என்று கேட்டால், கழிமுகத்தில் வாழும் உயிர்களின் பிழைப்பைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கவேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். நகக்கண் அளவுகூட இல்லாத குஞ்சு அலையோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். உப்பும் நன்னீரும் கலந்த நீரில், சேற்றில் புதைந்தும் அலையாத்தி வேரில் ஒளிந்தும் மூன்று நான்கு மாதம் வளரும். வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். மடவையும் கடலில் முட்டையிட்டுக் குஞ்சாகக் கழிக்குள் வருவதே. கொடுவாயும் அப்படித்தான். பச்சை நண்டில் சினைப் பெட்டை முட்டையிடக் கடலுக்குப் போகும். பிறந்த வீடு கடல், வளர்ந்த வீடு கழி. நடுவில் ஒரே ஒரு வாசல்.

ஆகவே இந்த மீன்களுக்கு வேண்டியது நான்கு: திறந்த வாசல், மேலிருந்து கொஞ்சம் நல்ல தண்ணீர், விரல் இறங்கும் மெத்தென்ற சேறு, மூச்சுவிடத் தகுந்த நீர். நான்கில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் வீண். நம் சட்டங்கள் கண்காணிப்பதோ கடைசியாகச் சொன்னதை மட்டும்.

வாசலை எடுத்துக்கொள்வோம். சென்னைக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே சுவர் எழுப்பினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். மெரினா அகலமானதும் ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்ததும் சென்னைத் துறைமுகம் நடத்திக் காட்டிய பாடம். 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்) முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே அமைந்தது. அதன் அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேரும் என்பது எதிர்பார்த்ததே. சேரும் இடம் ஆற்றின் வாய். வாய் தூர்ந்தால் தோண்டுவார்கள், திரும்பத் தூரும், திரும்பத் தோண்டுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் வந்த இறால் குஞ்சு வெளியே நின்றுவிட்டுப் போகும். அதற்கு இழப்பீட்டுக் கணக்கு எந்தக் கோப்பிலும் கிடையாது.

அடுத்தது சேறு. எண்ணூரைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் அடுத்தடுத்து வந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு அதன் அடுத்த கட்டங்கள், 1,500 மெகாவாட் வல்லூர். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குட்டைக்குத் தள்ளுவது வழக்கம். குழாய்கள் கழிவெளியைக் கடந்து போகின்றன. பழைய குழாய், துருப்பிடித்த இணைப்பு, எங்காவது ஒழுகும். ஒழுகினால் நிலையத்தை நிறுத்தவேண்டும். மின்சாரம் வேண்டிய நகரம் காத்திருக்காது. ஆகவே ஒழுகிக்கொண்டே ஓடியது. சாம்பல் குழம்பு ஆற்றில் இறங்கி, படிந்து, இறுகி, சுண்ணாம்புத் தரைபோல் ஆனது. ஒருகாலத்தில் ஆள் முழுகிய இடத்தில் முழங்கால் நனைய நடக்கலாம் என்று காட்டுக்குப்பத்து மீனவர்கள் சொல்வது மிகையில்லை. அலை வடியும் நேரத்தில் போனால் நம் கண்ணுக்கே சாம்பல் மேடு தெரியும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், காரீயம், பாதரசம், காட்மியம் எல்லாம் நுண்ணளவில் உண்டு. அவை மீன் உடம்பில் ஏறும் சங்கதி தனி அத்தியாயம். அதற்கும் முன்னால், புதையத் தரை இல்லை என்ற ஒரே காரணத்தால் இறாலும் நண்டும் போய்விடுகின்றன.

மின் நிலையம் கொடுக்கும் இன்னொன்று சூடு. எந்திரத்தைக் குளிர்வித்த தண்ணீர் வெதுவெதுப்பாகத் திரும்பி வருகிறது. 1999-க்குப் பிறகு இயங்கத் தொடங்கிய, கடல்நீர் எடுக்கும் நிலையங்கள் ஏற்கும் நீரின் வெப்பத்தை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது விதி. 7 டிகிரி கடலுக்குச் சிறியது. ஆழமற்ற கழிக்கு, அதுவும் சித்திரை வெயிலில், சிறியதில்லை. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் மூச்சுத் தேவையோ கூடும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைமைதான்.

ரசாயனக் கழிவும் சாக்கடையும் எல்லாரும் அறிந்தவை என்பதால் வேகமாகக் கடக்கிறேன். மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரம், பெட்ரோ ரசாயன ஆலைகளும் 1960-களிலிருந்து வரிசையாக வந்தவை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் அளந்து மிக மோசமானவை என்று 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. வடசென்னையின் சாக்கடை பக்கிங்காம் கால்வாய் வழியே வருகிறது. படகுப் போக்குவரத்துக்கு வெட்டிய கால்வாய். இன்று அதில் பயணம் செய்வது கழிவு மட்டும்.

இப்படிப் பல பத்தாண்டு சொட்டுச் சொட்டாக நடந்தது ஓரிரவில் கண்ணுக்குத் தெரிந்தது, 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கொசஸ்தலையில் பரவியது. சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் வளாகத்திலிருந்து மழைநீரோடு அது வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. எண்ணெயை உறிஞ்சும் எந்திரம் வருமுன் மீனவர்கள் படகில் போய் வாளியாலும் மக்காலும் மொண்டார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் கரையில் நின்று வாளியில்தான் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளி, அதே வாளி.

அரசு அறிவித்த நிவாரணத்தின் கணக்கு படிக்கத் தக்கது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 12,500, 787 படகுகளுக்குத் தலா ரூ. 10,000, பாதிக்கப்பட்ட பகுதியின் மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ. 7,500. மொத்தம் ரூ. 8.68 கோடி. வீடு உண்டு, படகு உண்டு. அலையாத்தி வேரில் எண்ணெய் பூசியதால் அந்தப் பருவத்தில் ஒளிய இடமில்லாமல் போன குஞ்சுகள் எத்தனை, அடுத்த ஆண்டு மீன்பாடு எவ்வளவு குறையும் என்ற வரி இல்லை. இருக்கவும் முடியாது, குறைந்தது என்று சொல்ல முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வேண்டுமே. படகை வைத்து இழப்பை அளக்கும் ஊரில், படகே இல்லாமல் கையால் பிடிப்பவர் எந்த வரிசையில் நிற்பார் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

காக்கா ஆழி என்று மீனவர் அழைக்கும் சிப்பியின் வரவு இன்னொரு கதை. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் சமநிலைக்கு ஏற்றி இறக்கும் நீரிலோ வந்திருக்கவேண்டும். ஆற்றுத் தரையில் பாய் விரித்ததுபோல் படர்கிறது; உள்ளூர் ஆளிக்கும் மட்டிக்கும் இடமில்லை, இறாலுக்குப் புதையச் சேறில்லை, நடப்பவர் காலைக் கிழிக்கிறது. கவனிக்கவேண்டியது, இது வேதிக் கழிவு அல்ல. புட்டியில் பிடித்த தண்ணீர் சுத்தம் என்றே சொல்லக்கூடும். மாசுச் சட்டத்தின் கண்ணில் படாமலே ஓர் ஆற்றின் தரை கைமாறிவிட்டது.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள், சாம்பலைக் குவிக்காமல் பயன்படுத்தச் சொல்லும் 1999-ன் அறிவிக்கையும் அதன் திருத்தங்களும், 2010 முதல் பசுமைத் தீர்ப்பாயம். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழி, கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிறகு புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் கழியின் பெரும்பகுதியைக் காணோம் என்பது போராடியவர்களின் குற்றச்சாட்டு. நிலத்தை அபகரிக்கும் முன் வரைபடத்தை அபகரிப்பது சௌகரியம்தான். நம் வருவாய்த் துறைக்குக் கழி என்றால் புறம்போக்கு. ஊர்ப் பொதுவுக்கென்று விட்ட நிலத்தைக் குறித்த அந்தச் சொல் ஒன்றுக்கும் உதவாதவனைத் திட்டும் சொல்லாக எப்படி ஆனது என்று, 2017-ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ கேட்டது. கர்நாடக இசை ரசிகர்களில் சிலராவது அன்றுதான் சாம்பல் குழாயைப் பார்த்தார்கள்.

2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் கசிவுக்கு மின் வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழியை மீட்கவும் உத்தரவிட்டது. முக்கியமான உத்தரவு, உள்ளூர் மீனவர் தொடுத்த வழக்கில் வந்தது. ஆனால் ‘மீட்பு’ என்பதற்கு எது அடையாளம்? இவ்வளவு டன் சாம்பல் அள்ளினோம், இவ்வளவு தூரம் குழாய் மாற்றினோம் என்றால் அது ஒப்பந்தக்காரரின் பில். ஆறு மீண்டது என்பதற்கு மடவை வந்து சாட்சி சொல்லவேண்டும். மத்திய வாரியத்தின் நீர்வகைப்பாட்டில் மீன் வளர ஏற்ற நீர் என்று ‘டி’ வகுப்பு ஒன்று இருக்கிறது: ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், கார அமில அளவு 6.5 முதல் 8.5-க்குள், அம்மோனியா 1.2-க்குள். வகுப்பின் பெயரில் மீன் இருக்கிறது. அளவீட்டில் இல்லை.

மீனவர்களுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உண்டுதான். கண் சிறுத்த வலை குஞ்சையும் வாரும். முன்பு பாடு என்று ஒரு முறை இருந்தது; கழியை இடம் பிரித்து, இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று முறைவைத்து வலைபோட்டார்கள். இறால் உள்ள நாளில் அந்த ஒழுங்கு நிற்கும். பத்துப் பேருக்கு ஒருவருக்குப் போதுமான மீன் மட்டும் இருக்கும்போது ஒழுங்கைக் காப்பது கடினம். மீன் போனதற்குச் சிறுகண் வலையைக் காரணம் காட்டுவது, பஞ்சத்துக்குப் பிச்சைக்காரனைக் காரணம் காட்டுவதைப்போல. அதனால் வலைக்கட்டுப்பாடு வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. கழி மீளத் தொடங்கும் நாளில் முதலில் வரும் குஞ்சை விட்டுவைக்காவிட்டால் இரண்டாவது வராது.

தீர்வுகளில் எனக்கு நம்பிக்கை இல்லாதது, மீன்குஞ்சு விடும் விழா. அமைச்சர் வருவார், பாலிதீன் பையிலிருந்து குஞ்சுகள் இறங்கும், படம் எடுப்பார்கள். ஒளிய வேரும் புதையச் சேறும் இல்லாத நீரில் விட்ட குஞ்சு கொக்குக்கு விருந்து. அலையாத்தி நடுவதும், அலை வந்துபோகும் வாய்க்கால் அடைபட்டிருந்தால், குச்சி நடுவதுதான். சாம்பலை அவசரமாகத் தோண்டினால் அடியில் உறங்கும் உலோகங்கள் கலங்கி மேலே வரும். பகுதி பகுதியாக, இறால் குஞ்சு உள்ளே வரும் பருவம் தவிர்த்து எடுக்கவேண்டும். அதற்கும் முன்னால் குழாய் ஒழுகுவது நிற்கவேண்டும். நிற்காமல் அள்ளுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பது.

யாரும் பேசாத தீர்வு பூண்டியில் இருக்கிறது. கோடையில் ஆற்றுக்கென்று சிறிதளவு நீர் விட முடியுமா என்பதை நகரக் குடிநீர்க் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. கழியின் ஓரத்திலேயே நகரத்துக்குத் தண்ணீர் தயாராகிறது. கழிக்கு ஒரு சொட்டும் இல்லை. எவ்வளவு விடலாம், எந்த மாதம் விடலாம் என்பது பொறியாளர்கள் உட்கார்ந்து போடவேண்டிய கணக்கு. கேட்டால்தானே போடுவார்கள்.

எண்ணும் வேலைக்கு வருகிறேன். தேம்ஸ் ஆறு உயிரற்றுப் போனதாக 1957-ல் லண்டனில் சொன்னார்கள். சாக்கடைச் சுத்திகரிப்பைச் சீர்செய்யத் தொடங்கிய பின், மீன் திரும்புகிறதா என்று அறிய ஆல்வின் வீலர் என்ற அருங்காட்சியக மீன் ஆய்வாளர் எளிய வழியைப் பிடித்தார். ஆற்றோர மின் நிலையங்கள் குளிர்நீர் எடுக்கும் இடத்தில் குப்பை போகாமல் தடுக்க வலைத்தடுப்பு வைத்திருந்தன. அதில் சிக்கும் மீன்களை நிலையத்து ஆட்கள் எடுத்து வைக்க, அவர் இனம் பிரித்துக் குறித்தார். ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீண்டது. 1974 நவம்பரில் வெஸ்ட் தராக் மின் நிலையத்தின் தடுப்பில் ஒரு சால்மன் சிக்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அந்த ஆற்றில் காணாமற்போயிருந்த மீன். ஆற்றைக் கெடுத்த தொழிலே ஆற்றின் வருகைப் பதிவேடாகவும் ஆனது.

எண்ணூரிலும் மின் நிலையம் குளிர்நீர் எடுக்கிறது. அங்கும் வலைத்தடுப்பு இருக்கும். அங்கும் தினமும் எதுவோ சிக்கும், யாரோ குப்பையோடு சேர்த்து வாரிக் கொட்டுவார்கள். அந்தக் கூடையைக் கொட்டுமுன் பத்து நிமிடம் பிரித்துப் பார்க்க மீன்வளக் கல்லூரி மாணவர் ஒருவரும், மடவைக்குஞ்சையும் கொடுவாய்க்குஞ்சையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கத் தெரிந்த முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஒருவரும், கோடு போட்ட ஒரு நோட்டும் போதும். ஆளுக்குச் சம்பளம் மின் வாரியம் கொடுக்கட்டும். கழியின் உட்பகுதிக்கு, வாரம் ஒருநாள், பறியில் விழுந்த இறாலை இருளர்கள் எண்ணிச் சொல்ல, அதற்கும் கூலி கொடுத்து எழுதிக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் எண் சிறியதாகத்தான் இருக்கும். அடுத்த எண்ணெய்க் கசிவின்போது நிவாரணப் பட்டியல் போடும் அதிகாரியின் மேசையில் அந்த நோட்டு இருக்கும்.